'டிமைஸ்' என்னும் ஒரு சொல்

தளியில் நம் வீட்டுத் திண்ணைக்கு ஒரு நாள் மாலை ஒரு குடியானவர் வந்தார். அவருடைய இரண்டு ஏக்கர் நிலத்தைக் குடில் அமைத்து ரோஜா பயிரிடுவதற்காக ஒரு கம்பெனியார் ஒன்பது வருஷக் குத்தகைக்குக் கேட்டிருந்தார்கள். பத்திரத்தின் நகல் இங்கிலீஷில் இருந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்ததில், 'டிமைஸ்' என்ற சொல் நாலைந்து இடங்களில் வந்ததாம். அகராதியில் அதற்கு எதிரே 'மரணம்' என்று போட்டிருந்தது.

"வாத்தியாரையா, நிலத்துக்குச் சாவுன்னு எழுதியிருக்காங்களே, கையெழுத்துப் போடலாமுங்களா?" என்றார்.

அவர் கேள்வி வேடிக்கையானதன்று. உண்மையில் அகராதிதான் பாதி விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டது. அந்தச் சொல் பிறந்த இடம் மயானம் அன்று. பத்திரம் எழுதுகிற இடமே.

லத்தீனில் 'டிமிட்டெரே' என்றால் அனுப்பிவிடுதல், விட்டுவிடுதல். நாம் எல்லோரும் அறிந்த 'டிஸ்மிஸ்' அதன் உடன்பிறப்பு. பழைய பிரெஞ்சின் வழியே 15-ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்கு வந்தபோது, குத்தகையாலோ உயிலாலோ சொத்தை இன்னொருவர் கைக்கு மாற்றுவது என்பதே 'டிமைஸ்' என்பதன் பொருள். பிறகு அது அரண்மனைக்குள் நுழைந்தது. மன்னர் இறந்தால் கிரீடம் அந்த நொடியிலேயே வாரிசுக்கு மாறிவிடும். அந்த மாற்றத்துக்குக் 'கிரீடத்தின் டிமைஸ்' என்று பெயர். மாற்றம் நிகழ்வது பெரும்பாலும் சாவினால் அல்லவா? ஆகவே 18-ஆம் நூற்றாண்டில் சாவுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சட்டம் மட்டும் பழைய பொருளை மறக்கவில்லை. எட்டாம் எட்வர்டு, தாம் விரும்பிய பெண்மணியை மணப்பதற்காக முடிதுறந்தார். 1936 டிசம்பர் 11-இல் நிறைவேறிய சட்டத்தில், கிரீடத்துக்கு 'டிமைஸ்' நேர்ந்ததாகவே எழுதினார்கள். மன்னரோ நல்ல தேகசுகத்துடன் இருந்தார், 1972-இல்தான் காலமானார். முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் தம் 'டிமைஸு'க்குப் பிறகு வாழ்ந்தவர்!

நம் நாட்டிலோ அநுதாபக் கடிதம் எழுதுகிறவர்கள் 'துக்ககரமான டிமைஸ்' என்று எழுதாமல் விடுவதில்லை. சொத்து கைமாறிய செய்திக்கு அவர்கள் ஏன் அவ்வளவு வருந்துகிறார்கள் என்று நாம் சில சமயம் எண்ணுவதுண்டு.

நம்மவர் மன்னனின் சாவைப் பேசிய விதம் வேறு. சுந்தர சோழனைக் கல்வெட்டுகள் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்கின்றன. தக்கோலத்தில் போர் யானைமீது உயிர் நீத்த இராசாதித்தனோ 'ஆனைமேல் துஞ்சின'வன். துஞ்சுதல் உறங்குதல். கிரீடம் யாரிடம் போயிற்று என்ற பேச்சே அந்தச் சொல்லில் இல்லை. எந்த இடத்தில் அந்த மனிதன் கண் மூடினான் என்பதுதான் இருக்கிறது. 'இறந்தார்' என்பதற்கும் கடந்து போனார் என்பதே வேர்ப்பொருள். இறந்த காலம் என்கிறோமே, அதே 'இற'தான்.

தளியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் நடமாடுகின்றன. தெலுங்கர் 'சனிபோயாரு' என்றால் தமிழ்க் காதுக்குச் சனி பகவான் நினைவு வரும். ஆனால் சென்றுவிட்டார் என்றே அதற்கு அர்த்தம். கன்னடத்தார் 'தீரிகொண்டரு' என்பர். தீர்ந்துவிட்டார் என்று நாமே புரிந்துகொள்ளலாம்.

இவ்வளவையும் குடியானவரிடம் சொன்னோமா? இல்லை. குத்தகைக்கு விடுவதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னோம். அவர் சற்று யோசித்தார்.

"ஒன்பது வருஷம் கழிச்சு நிலம் திரும்ப வருமுன்னு எங்கே எழுதியிருக்குங்க?"

தேடிக் காட்டினோம். விரலால் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, தமிழிலேயே எழுதித் தரச் சொல்லப்போவதாகக் கூறி நகலை மடித்து வாங்கிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துத் தமிழ்ப் பத்திரம் வந்தது. 'குத்தகை' என்றே எழுதியிருந்தார்கள். மகளைவிட்டு இரண்டு முறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட்டாராம்.