வாழையடி வாழை

பெங்களூரு ஜீவனஹள்ளியின் தெருவோரத் தள்ளுவண்டியில் ஏலக்கியும் பச்சைப்பழமும் எந்நாளும் கிடைக்கும். பச்சைப்பழம் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் சிறு கரும்புள்ளிகள் தெரியும். அவை விதையாக வேண்டியவை, ஆகாமலே நின்றுவிட்டவை.

காட்டு வாழைப்பழத்தில் கடினமான விதைகள் நிறைந்திருக்கும், சதை குறைவு. அதன் உயிரணுவில், 11 குரோமோசோம்கள் கொண்ட தொகுதிகள் இரண்டு உண்டு. மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது அவை சமமாகப் பிரியும். பச்சைப்பழத்திலும் ரஸ்தாளியிலும் மூன்று தொகுதிகள், ஆக 33. மூன்றை இரு சம பங்காகப் பிரிப்பது எங்ஙனம்? ஆகவே விதை தோன்றுவதில்லை. மகரந்தச் சேர்க்கையின்றியே காய் பருப்பதால் பழம் மட்டும் கிடைக்கிறது.

விதையற்ற வாழை எவ்வாறு பெருகுகிறது? மரம்போல் நிற்பது, இலையடிகள் ஒன்றையொன்று சுற்றிய உருளையே. உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்காகும். அதிலிருந்து பக்கக்கன்றுகள் முளைக்கின்றன. தாய்மரம் குலை தள்ளி மடிந்தபின் கன்று அவ்விடத்தில் வளர்கிறது. மணமக்களை 'வாழையடி வாழையாக' வாழ்க என வாழ்த்துவது இதனை எண்ணியே.

ஆனால் அவ்வாழ்த்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தாவர இனம் பரிணாமம் அடைய, அது பெருக வேண்டும். தன் பண்புகளை வழிவழியாகக் கடத்த வேண்டும். அப்பண்புகளில் வேறுபாடும் தோன்ற வேண்டும். வேறுபாடு இருந்தால்தான் சூழலுக்கு ஏற்றவை தப்பிப் பிழைக்கும். கன்றால் பெருகும் வாழைக்கு முதல் இரண்டும் உண்டு. மூன்றாவது மிக அரிது. செவ்வாழைத் தோட்டத்தில் எப்போதாவது பச்சை நிறக் கன்று ஒன்று தோன்றும். இத்தகைய சடுதிமாற்றமே அதற்குள்ள சிறு வழி.

வாழையைத் தாக்கும் பூஞ்சையோ மாறிக்கொண்டே இருக்கிறது. மண்ணில் பல்லாண்டு தங்கும் பனாமா வாடல் நோய், 1950களில் 'குரோ மிஷேல்' என்னும் ஏற்றுமதி வகையை நடு அமெரிக்கத் தோட்டங்களிலிருந்து அகற்றியது. எல்லா மரங்களும் ஒரே மரத்தின் படிகள் அல்லவா? ஒன்றை வீழ்த்திய நோய் அனைத்தையும் வீழ்த்தியது. மைசூருக்கு அருகிலுள்ள நஞ்சன்கூட்டின் புகழ்பெற்ற ரசபாளையும் இந்நோயால்தான் அருகிப்போனது. குரோ மிஷேலுக்கு மாற்றாக வந்த கேவண்டிஷ் வகையை, அதாவது நம் பச்சைப்பழத்தை, இப்போது அப்பூஞ்சையின் புதிய வடிவம் தாக்குகிறது. பீகாரிலும் அது காணப்பட்டுள்ளது.

திருச்சிராப்பள்ளியில் 1993-இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம், பலவகை வாழைகளைச் சேகரித்துக் காக்கிறது. நோய் தாங்கும் பண்பைத் தேடுவோர் காட்டு வாழையிடமும் செல்கின்றனர். உண்ணும்போது பல்லில் சிக்கும் அவ்விதைகளே அவர்களுக்குத் தேவை.