மூடித் திறந்தாலும் நிரலுக்கு உங்களை எப்படி அடையாளம் தெரிகிறது?

பிள்ளைச்சாவடியில் உள்ள புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ வேறெங்கோ நிரல் எழுதப் பழகுகிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்கும் நேரும்: பெயரும் பாஸ்வேர்டும் வாங்கிக்கொண்ட நிரல், மூடித் திறந்ததும் உங்களை யாரென்று கேட்கும்.

நிரல் ஓடும்போது தகவல் ரேமில் இருக்கிறது. நிரல் முடிந்ததும் இயங்குதளம் அந்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். நிலைக்க வேண்டுமென்றால் ஒரு கோப்பில் எழுதி வைத்து, அடுத்த முறை படிக்க வேண்டும்.

பாஸ்வேர்டை அப்படியே எழுதலாமா? கூடவே கூடாது! 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கணினியில் ஒரு குளறுபடி. உள்ளே நுழைந்தவர்களுக்கு அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டும் அச்சாகி வந்தது.

பிறகு எப்படி வைப்பது? மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி மாவாகும், மாவு அரிசியாகாது. பாஸ்வேர்டையும் அப்படி அரைத்து, மாவை மட்டும் கோப்பில் வைக்கிறார்கள். மறுமுறை நீங்கள் தட்டுவதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று நிரல் பார்க்கிறது.

இரண்டு பேர் ‘மல்லி123’ என்றே வைத்திருந்தால்? மாவும் ஒன்றாகிவிடுமே! அதனால் அரைக்கும் முன் ஆளுக்கொரு தனி உப்பு, அதாவது எந்த ஒழுங்கும் இல்லாமல் பொறுக்கிய சில எழுத்துகள். கோப்பின் ஒரு வரியில் பெயர், உப்பு, மாவு மூன்றும் இருக்கும். யூனிக்ஸ் இயங்குதளத்தில் கையாண்ட இந்த வழியை ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-ல் விளக்கி எழுதினார்கள்.

இந்த மில் மெதுவாக அரைத்தால்தான் நமக்கு லாபம். உங்களுக்கு ஒரு நொடிகூட ஆகாது. கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கும் திருடனுக்கோ ஆண்டுகள் ஆகும்.