உங்களுக்குத் தெரியுமா?

பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் வாக்குமூலம். சேர்மானப் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ‘மல்டிகிரெய்ன்’ பிஸ்கட் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் கேழ்வரகுக் கதிரும் ஓட்ஸும் சிரிக்கும். பின்னால் முதல் பெயர் ‘சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு’ என்றிருந்தால், அது நம் மைதாவேதான்! அடுத்து சர்க்கரை, பாமாயில். கேழ்வரகு கடைசி வரிகளில், 2 சதவீதமோ 3 சதவீதமோ என்று ஒதுங்கி நிற்கலாம்.

சர்க்கரைக்கும் புனைபெயர்கள் உண்டு: டெக்ஸ்ட்ரோஸ், லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப். தனித்தனியாகப் பிரித்துப் போட்டால் எதுவும் பட்டியலின் தலையில் வராது. கெட்டிக்காரத்தனம்தான்!

செறிவூட்டிய சாற்றில் தண்ணீர் கலந்து தயாரித்த பானத்தை ‘100 சதவீதப் பழச்சாறு’ என்று விற்கக் கூடாது என 2024 ஜூனில் ஆணையம் உத்தரவிட்டது.

குழந்தைகள் கேட்கும் கோன் ஐஸையும் கவனியுங்கள். ‘ஃப்ரோஸன் டெசர்ட்’ என்று பொடி எழுத்தில் இருந்தால் அது ஐஸ்கிரீம் அல்ல. பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தது. கெடுதல் என்று சொல்லவில்லை, ஐஸ்கிரீம் விலை கொடுப்பானேன்?

இன்னொன்று: சத்து அட்டவணையில் கலோரி ‘100 கிராமுக்கு’ என்றிருக்கிறதா, ‘ஒரு பரிமாறலுக்கு’ என்றிருக்கிறதா? ஒரு பரிமாறல் 20 கிராம் என்றால், 60 கிராம் சிப்ஸ் பாக்கெட்டைக் காலி செய்பவர் மூன்றால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.