லாக் அவுட் அழுத்தினா சர்வரில் என்ன நடக்குது?

போன எபிசோடில் பாஸ்கீ பற்றிப் பேசினோம் இல்லையா, அதுக்கு வந்த கேள்விகளில் ஒன்று: "பாஸ்கீ போட்டுட்டா அக்கவுன்ட் சேஃப்தானே?" உள்ளே நுழையும் கதவு சேஃப்தான். நுழைஞ்ச பிறகு சர்வர் உங்களை எப்படி ஞாபகம் வைக்குது என்பது தனிக் கதை. அதுக்குப் பேர் செஷன். இந்த வாரம் அதைப் பற்றி, குறிப்பா அதை எப்படி முடிக்கிறது என்பது பற்றி எழுதுறேன்.

எச்டிடிபிக்கு ஞாபகமே கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டுட்டு அடுத்ததைக் கேட்டால், சர்வருக்கு நீங்க மறுபடியும் புது ஆள். இதைச் சமாளிக்கத்தான் 1994இல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மான்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தார். சர்வர் ஒரு சின்ன எழுத்துக்கோர்வையைக் கொடுக்கும், பிரவுசர் ஒவ்வொரு தடவையும் அதைத் திருப்பிக் காட்டும்.

ஊருக்குப் போனப்போ ஏதாவது பெரிய கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. வாசலில் செருப்பை விட்டால் நம்பர் போட்ட டோக்கன் ஒன்று தருவாங்க. செருப்பு உள்ளே அலமாரியில், உங்க கையில் நம்பர் மட்டும். பிஎச்பியின் வழக்கமான செஷன் அப்படியே இதுதான்: சர்வரில் ஒரு ஃபைல், அதுக்குள்ள உங்க யூசர் ஐடி, ஷாப்பிங் கார்ட் எல்லாம். பிரவுசரிடம் அந்த ஃபைலின் ஐடி மட்டும் இருக்கும். ஜாங்கோ அதையே டேட்டாபேஸ் டேபிளில் வைக்குது.

செருப்பு ஸ்டாண்டில் இருக்கிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார். டோக்கனை யார் நீட்டினாலும் செருப்பு அவங்களுக்கு.

2010இல் எரிக் பட்லர் வெளியிட்ட ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷன் இதைத்தான் எல்லாருக்கும் காட்டியது. ஒரே ஓப்பன் வைஃபையில் இருக்கிற இன்னொருத்தரின் குக்கியை எடுத்து, அவங்க ஃபேஸ்புக்குக்குள்ள ஒரு கிளிக்கில் போயிடலாம். அப்போ பல தளங்கள் லாகின் பக்கத்தை மட்டும் என்கிரிப்ட் பண்ணிட்டு மீதியைச் சும்மா விட்டிருந்தன. இப்போ எங்கே பார்த்தாலும் எச்டிடிபிஎஸ், அதனால் அந்த வழி பெரும்பாலும் அடைச்சாச்சு. ஆனா 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல் பறிபோனது ஞாபகம் இருக்கா? ஸ்பான்சர்ஷிப் ஆஃபர் மாதிரி வந்த ஒரு ஃபைலை டீமில் ஒருத்தர் திறந்தார். மால்வேர் பிரவுசரில் இருந்த செஷன் டோக்கனை அள்ளிட்டுப் போனது. பாஸ்வேர்ட் தேவைப்படலை, டூ ஃபேக்டரும் குறுக்கே வரலை.

ஆக, டோக்கன் திருடு போகும் என்று வைத்துக்கொண்டே கோட் எழுதணும். திருடு போனதைச் செல்லாமல் ஆக்க முடியுமா என்பதுதான் கேள்வி. லாக் அவுட்டுக்கு இரண்டு வேலை இருக்கு: பிரவுசரில் குக்கியை அழிக்கணும், சர்வர் பக்கத்து நோட்டில் அந்த நம்பரை அடிக்கணும். முதலாவது மட்டும் நடந்தாலே ஸ்கிரீனில் லாகின் பக்கம் வந்துடும். அதனால் இரண்டாவது இல்லைன்னு யாரும் கவனிக்க மாட்டாங்க.

நான் கான்ட்ராக்டில் போன ஓர் இடத்தில் ஒரு சப்போர்ட் டிக்கெட் பல வாரமா மூடாமல் கிடந்தது. ஒரு பெண் கணவரை விட்டுப் பிரிந்து வந்துட்டாங்க, பழைய லாப்டாப் அவரிடம். பாஸ்வேர்டை இரண்டு தடவை மாத்தியும், டெலிவரிக்காகப் போட்ட புது முகவரி அவருக்குத் தெரிஞ்சிருக்கு. "எல்லா டிவைஸிலும் வெளியேறு" என்ற பட்டனையும் அழுத்தியிருக்காங்க. கோடைப் பார்த்தால், அந்தப் பட்டன் அழிச்சது அவங்க கையில் இருந்த ஃபோனின் குக்கியை மட்டும். லாப்டாப்பில் இருந்தது ஒரு ஜேடபிள்யூடி, ஒரு வருஷம் செல்லும்.

ஜேடபிள்யூடி என்பது தீம் பார்க்கில் கையில் கட்டிவிடும் பட்டை மாதிரி. நீங்க யாரு, எது வரைக்கும் செல்லும் எல்லாம் அதிலேயே எழுதி, சர்வர் கையெழுத்து போட்டிருக்கும். வாசலில் கையெழுத்தை மட்டும் சரிபார்ப்பாங்க. பத்து சர்வர் இருந்தாலும் பொதுவா ஒரு டேட்டாபேஸைக் கேட்க வேண்டியதில்லை, அதனால்தான் இது பிரபலம். ஆனா நோட்டே இல்லாத இடத்தில் எந்த நம்பரை அடிக்கிறது? அன்னைக்கு எங்களால் செய்ய முடிஞ்சது, கையெழுத்துச் சாவியை மாத்துறது. எல்லா கஸ்டமரும் ஒரே நேரத்தில் வெளியே விழுந்தாங்க. ஒரு லாப்டாப்பை வெளியேற்ற அத்தனை பேரையும் வெளியேற்ற வேண்டியிருந்தது.

ஃபிளாஸ்க்கின் வழக்கமான செஷனும் இந்த வகைதான், கையெழுத்திட்ட குக்கி. லாக் அவுட்டுக்கு முன்னால் யாராவது காப்பி எடுத்திருந்தால், நீங்க செட்டிங்கை மாத்தாத வரை அது 31 நாள் வேலை செய்யும்.

என்னைக் கேட்டால், சாதாரண வெப் ஆப்புக்கு ரெடிஸிலோ டேட்டாபேஸிலோ ஒரு செஷன் டேபிள் போதும். ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு லுக்கப் கூடுதல், அவ்வளவுதான். ஜேடபிள்யூடிதான் வேணும்னு டீமில் அடம்பிடிச்சா, ஆயுளைச் சில நிமிஷமாக்கி, ரெஃப்ரெஷ் டோக்கனைச் சர்வரில் பதிஞ்சு வைங்க.

லாகின் ஆனதும் செஷன் ஐடியை மாத்தணும். இல்லைன்னா தனக்குத் தெரிஞ்ச ஐடியை முன்கூட்டியே உங்க பிரவுசரில் ஒட்டிட்டு, நீங்க லாகின் ஆகிற வரை ஒருத்தர் காத்திருக்கலாம். குக்கியில் எச்டிடிபி ஒன்லி, செக்யூர், சேம்சைட் மூணும் இருக்கணும். பாஸ்வேர்ட் மாறினால் ஜாங்கோ மற்ற செஷன்களைத் தானே செல்லாமல் ஆக்கிடும். உங்க ஃப்ரேம்வொர்க் என்ன செய்யுதுன்னு படிச்சுப் பாருங்க.

இதை டெஸ்ட் பண்ண அஞ்சு நிமிஷம் போதும், உங்க சொந்த ஆப்பில் மட்டும். லாகின் பண்ணி, டெவ் டூல்ஸில் குக்கியைக் காப்பி எடுங்க. லாக் அவுட் பண்ணுங்க. அந்தப் பழைய குக்கியோட கர்லில் ப்ரொஃபைல் பக்கத்தைக் கேளுங்க. லாகின் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பினால் சரி. உங்க பேரும் முகவரியும் வந்தால், திங்கட்கிழமை முதல் டிக்கெட் அதுதான். பிறகு இரண்டு பிரவுசரில் லாகின் பண்ணி, ஒன்றில் பாஸ்வேர்டை மாத்திட்டு, மற்றதை ரீலோட் பண்ணிப் பாருங்க.