குட் ஃப்ரைடே என்றால் 'நல்ல வெள்ளி'யா? ஈஸ்டரை ஒட்டிய நாள்களுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஜொகூரில் 2014 முதல் 2024 வரை அரசாங்க அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனிதான் வாரயிறுதி. குட் ஃப்ரைடே தானாகவே லீவு. ஈஸ்டர் ஞாயிறு வேலை நாள். 2025 ஜனவரி 1 முதல் வாரயிறுதி சனி, ஞாயிறுக்கு மாறியதும் கதை தலைகீழ். இப்போது ஞாயிறு ஓய்வு. வெள்ளிக்கு லீவு கேட்கணும்.

மலேசியாவில் குட் ஃப்ரைடே சபா, சரவாக்கில் மட்டுமே பொது விடுமுறை. பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரில் விடுமுறை.

சரி, லீவு கேட்கும் அந்த நாளைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பெரிய வெள்ளி

இயேசு சிலுவையில் மரித்த நாள். ஆங்கிலத்தில் 'குட்' என்பதற்குப் பழைய காலத்தில் 'புனிதமான' என்ற பொருளும் உண்டு. அதனால் 'நல்ல வெள்ளி' என்று மொழிபெயர்ப்பதில்லை. பெரிய வெள்ளி, புனித வெள்ளி இரண்டும் சரி. மலாயில் 'ஜுமாஆட் ஆகோங்'. அதற்கும் 'மகத்தான வெள்ளி' என்றுதான் அர்த்தம்.

அதற்கு முன்னால்?

* சாம்பல் புதன்: 40 நாள் நோன்பின் தொடக்கம். கத்தோலிக்கர்கள் திருநீற்றுப் புதன் என்றும் சொல்வார்கள். நோன்புக் காலம் அவர்களுக்குத் தவக்காலம். மெதடிஸ்ட், லூத்தரன் போன்ற சபைகளில் லெந்து காலம். நாள்காட்டியில் எண்ணினால் 46 நாள் வரும். இடையிலுள்ள 6 ஞாயிறுகள் கணக்கில் சேராது.
* குருத்தோலை ஞாயிறு: ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு. கையில் ஓலையுடன் பவனி போவார்கள்.
* பெரிய வியாழன்: இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவி, கடைசியாக அவர்களுடன் உணவருந்திய நாள். ஆங்கிலத்தில் 'மாண்டி தர்ஸ்டே'. 'கட்டளை' எனும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. "ஒருவரை ஒருவர் நேசியுங்கள்" என்பதே அந்தக் கட்டளை.

அதற்குப் பிறகு?

இடையில் வருவது பெரிய சனி. பலர் இதை 'ஈஸ்டர் சாட்டர்டே' என்கிறார்கள். திருச்சபை நாள்காட்டிப்படி அது ஈஸ்டருக்கு அடுத்து வரும் சனி. அன்றிரவே கத்தோலிக்க ஆலயங்களில் பாஸ்கா திருவிழிப்பு நடக்கும்; விளக்குகளை அணைத்து, புதுத் தீயிலிருந்து பாஸ்கா திரியை ஏற்றுவார்கள்.

விடிந்தால் உயிர்ப்பு ஞாயிறு, அதாவது ஈஸ்டர். 'பாஸ்கா' என்ற சொல்லின் வேர், யூதர்களின் 'பெசாக்' பண்டிகை.

தேதி ஏன் ஆண்டுதோறும் மாறுகிறது?

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். 2025இல் ஏப்ரல் 20. 2026இல் ஏப்ரல் 5. லீவு கேட்பதற்கு முன் காலண்டரைப் பார்த்துவிடுங்கள்.

வாழ்த்துச் சொல்லலாமா?

கிறிஸ்தவ நண்பருக்கு 'ஹேப்பி குட் ஃப்ரைடே' என்று மெசேஜ் அனுப்பாதீங்க. அது துக்க நாள். அன்று அவர் ஆலயத்துக்குப் போகணும் என்றால், அவருடைய ஷிஃப்ட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். வாழ்த்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 'ஈஸ்டர் நல்வாழ்த்துகள்!'