கல்லையும் தளர்த்தும் தீ!

2018-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி, வெள்ளிக்கிழமை இரவு.

மதுரை மீனாட்சி அம்மன் கோவிலில், கிழக்குக் கோபுரத்தை அடுத்த வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்த கடைகள் கொழுந்து விட்டு எரிந்தன. தீயணைக்கும் படையினர் போராடித் தீயை அணைத்தார்கள்.

கடைகள் மட்டுமா போயின? மண்டபத்தின் மேற்கூரைக் கற்கள் இடிந்து விழுந்தன. தூண்கள் வெடித்துச் சிதைந்தன.

விறகு எரியும், துணி எரியும். கல் எரியுமா? எரியாது. அப்படியானால், நூற்றாண்டுக் கணக்கில் வெயிலையும் மழையையும் தாங்கி நின்ற கருங்கல், ஒரு ராத்திரித் தீயில் எப்படிச் சிதைந்தது?

கல்லுக்குள் சண்டை

கருங்கல் ஒரே பொருளால் ஆனது அல்ல. உடைந்த கல்லை உற்றுப் பாருங்கள். பல நிற மணிகள் நெருக்கமாகச் சேர்ந்திருப்பது தெரியும். கண்ணாடி போல் மினுக்குவது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது பெல்ஸ்பார். தகடு தகடாக மின்னுவது காக்காப்பொன்.

சூடு பட்டால் இவை எல்லாமே விரியும். ஆனால் ஒரே அளவில் விரிவதில்லை. குவார்ட்ஸ் அதிகம் விரியும். பெல்ஸ்பார் குறைவாக விரியும். இடமோ ஒன்றுதான். ஒன்றை ஒன்று நெருக்கித் தள்ளும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் கல் முழுவதும் ஓடும்.

573 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் இன்னொரு விபரீதம் நடக்கிறது. குவார்ட்ஸ் மணியின் உள் அமைப்பே மாறி, அது சட்டென்று பருக்கிறது. விரிசல்கள் பெருகுகின்றன. அதன் பிறகு கல்லின் பலம் வேகமாகக் குறைகிறது. கட்டிடங்களில் பிடிக்கும் பெருந்தீயில் சூடு 800 டிகிரியையும் தாண்டக்கூடும்!

சிம்னியும் கல்லும்

இரும்புக் கம்பியின் ஒரு முனையை அடுப்பில் வைத்தால், மறுமுனை கையைச் சுடும். கல் அப்படி அல்ல. அதில் சூடு மெதுவாகவே பரவும். தீ பட்ட வெளிப்புறம் விரியும். உள்புறம் குளிர்ந்தே இருக்கும். அதனால் மேல்புறம் பட்டை பட்டையாக உரிந்து விழும்.

சூடான லாந்தர் சிம்னியில் தண்ணீர் தெளித்தால் 'படீர்' என்று வெடிக்கிறது அல்லவா? கொதிக்கும் கல்லின் மேல் திடீரென்று தண்ணீர் பட்டாலும் விரிசல்கள் அதிகமாகும்.

கல் உடைப்போர் கண்ட வித்தை

இந்த உண்மையைக் கல் உடைப்போர் நெடுங்காலமாக அறிவார்கள். தென்னிந்தியாவில் கருங்கல் பாறை மேல் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூடேறிய மேல்பகுதி ஏடாகப் பிரியும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, பாறை எதுவரை பிரிந்திருக்கிறது என்று ஓசையைக் கொண்டே சொல்லிவிடுவார்கள்.

வெடிமருந்து பழக்கத்துக்கு வருமுன் ஐரோப்பியச் சுரங்கங்களிலும் தீ வைத்தே பாறையைத் தளர்த்தினார்கள். 1556-ல் வெளியான அக்ரிகோலா என்ற ஜெர்மானியரின் சுரங்க நூல் இதை விவரிக்கிறது.

ஆபத்து எங்கே?

தூண் மேலிருந்து வரும் பாரத்தைச் சுமக்கிறது. அமுக்கத்தைத் தாங்குவதில் கல் கெட்டி. ஆனால் தூணுக்குத் தூண் படுத்திருக்கும் உத்திரக்கல்லின் நிலை வேறு. பாரத்தால் அது வளையப் பார்க்கும். அதன் அடிப்பக்கம் இழுபடும். இழுப்பைத் தாங்கும் சக்தி கல்லுக்கு இயல்பாகவே குறைவு. அடிப்பக்கத்தில் விரிசலும் விழுந்துவிட்டால்? கீழே நிற்பவர் தலைக்கே ஆபத்து!

தீ அணைந்ததும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. கரியைத் துடைத்தால் முழுசாகத் தெரியும் கல், உள்ளே நொறுங்கியிருக்கலாம். ஆறிய பிறகும் அந்த விரிசல்கள் கூடுவதில்லை. இழந்த பலம் திரும்புவதில்லை. ஆகவே பொறியியல் வல்லுநர்கள் கருவிகளைக் கொண்டு கல்லுக்குள் ஒலி அலைகளைச் செலுத்துகிறார்கள். நல்ல கல்லில் ஒலி விரைந்து ஓடும். விரிசல் விழுந்த கல்லில் அதன் வேகம் குறையும். கல் உடைப்போர் சுத்தியலும் காதும் கொண்டு செய்த வேலையை இன்று கருவி செய்கிறது.

மதுரை மண்டபத்தைத் திரும்பக் கட்ட நாமக்கல் மாவட்டத்திலிருந்து கற்கள் கொண்டுவரப்பட்டன. கல் கிடைக்கும், செதுக்கச் சிற்பிகளும் உண்டு. ஆனால் பழைய சிற்பியின் உளி பட்ட அதே தூண் திரும்பி வருமா?

கல் கட்டிடம்தானே, தீ என்ன செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. கல் மண்டபத்திலும் தீயிடம் எச்சரிக்கை வேண்டும்!