நரம்பு சுருட்டல்: ஆபரேஷன் செய்தால் மறுபடி வருமா?

ஓட்டல் வேலை முடிந்து இரவில் காலை நீட்டி உட்காரும்போதுதான் பலர் அதைக் கவனிக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே நீல நிறத்தில் கயிறுபோல் புடைத்து நிற்கிறது. "நரம்பு சுருட்டிக் கொண்டது" என்கிறார்கள். உண்மையில் அது நரம்பு அல்ல. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய்.

அதனுள் சிறு வால்வுகள் உண்டு. ஏறிய ரத்தம் கீழே இறங்காமல் தடுப்பது அவற்றின் வேலை. வால்வு பழுதானால் ரத்தம் தேங்கி, குழாய் வீங்கி வளைகிறது. பரம்பரை ஒரு காரணம். அடுப்படியிலும் மெஷின் முன்னும் மணிக்கணக்கில் நிற்பவர்களுக்குத் தொல்லை அதிகம்.

"அறுத்தாலும் மறுபடி வருமாமே!" என்று ஆபரேஷனை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் பலர். இந்தப் பயம் முழுப் பொய்யும் அல்ல.

கட்டுவதா, உருவுவதா?

ஜெர்மன் டாக்டர் டிரெண்டலன்பர்க், 19-ம் நூற்றாண்டின் இறுதியில், தொடையில் குழாயைக் கட்டித் துண்டித்தார். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குழாயையே உருவி எடுக்கும் முறை வந்தது.

எது நீடிக்கும்? இங்கிலாந்தில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு, 5 ஆண்டுகள் கழித்துக் கால்களைச் சோதித்தார்கள். முடிவு 1999-ல் வெளியாயிற்று. கட்டியதோடு விட்ட 58 கால்களில் 12-க்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. உருவி எடுத்த 52 கால்களில் 3-க்கு மட்டுமே!

உருவிய பிறகும் ஏன் வருகிறது? கட்டிய இடத்தில் புதிதாகச் சிறு குழாய்கள் முளைக்கின்றன. நன்றாக இருந்த வேறு குழாயும் பின்னாளில் கெடலாம். "எடுத்துவிட்டால் ரத்தம் எப்படி ஓடும்?" என்ற கவலை மட்டும் வேண்டாம். காலின் ஆழத்தில் உள்ள பெரிய குழாய்கள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அவை அடைபட்டிருக்கின்றனவா என்று முன்கூட்டியே ஸ்கேன் செய்து பார்ப்பது அதற்காகத்தான்.

கணுக்கால் வரை உருவினால் உணர்வு நரம்பு அடிபட்டு மரத்துப் போகலாம். ஆகவே பெரும்பாலும் முழங்காலோடு நிறுத்துகிறார்கள்.

ஆறாத புண்

கணுக்கால் அருகே புண் வந்தவர்களுக்கு ஆபரேஷனின் பலன் பெரிது. இங்கிலாந்தில் 500 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2007-ல் வந்தது. இறுக்கமான கட்டு மட்டும் போட்டவர்களில், ஆறிய புண் 4 ஆண்டுகளுக்குள் 100-க்கு 56 பேருக்குத் திரும்பியது. கட்டுடன் ஆபரேஷனும் செய்தவர்களில் 31 பேருக்குத்தான். ஆனால் புண் ஆறும் வேகத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை.

இப்போது பல இடங்களில் கத்திக்குப் பதில் லேசர் சூட்டால் குழாயை அடைக்கிறார்கள். 2019-ல் வெளியான 5 ஆண்டு ஆய்வில் லேசரும் கத்தியும், நுரை மருந்து ஊசியைவிட நல்ல பலன் தந்தன.

மறு ஆபரேஷன் முதலாவதைவிடச் சிரமமானது. தழும்புக்குள் தேடி அறுக்க வேண்டும். முன்பு எதைக் கட்டினார்கள், எதை எடுத்தார்கள் என்பது டாக்டருக்குத் தெரிந்தால் பாதி வேலை மிச்சம். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் மாறுகிறவர்கள் முதலில் தொலைப்பது அந்த டிஸ்சார்ஜ் சீட்டைத்தான். ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியிலேயே அதற்கும் ஓர் இடம் உண்டு.